மச்சி தந்த அரை வாங்கு

என்னை முதன்முதலில் நம்பியவள், என்னைக் கண்டாலே எரிந்து விழுகிறவள். என் கணவரின் அண்ணன் மனைவி. மச்சி என்று கூப்பிட வேண்டும், கூப்பிட்டேன். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மருமகளாய் மாத்தளைக்குப் போன முதல் வாரமே என் குழம்பை ருசி பார்த்துவிட்டு, "இதக் கோழிக்கு வை" என்றாள். வைத்தேன். அவள் தட்டையும் கோழிகளுக்கு நடுவிலேயே வைத்தேன். பின்னாளில் அவள் எனக்குச் செய்ததற்கு நேரில் நன்றி என்று சொல்லியிருந்தால் முகத்தில் துப்பியிருப்பாள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு முன்னறைதான் மிளகுக் கடை. யட்டவத்தப் பக்கமிருந்து மூட்டைகள் வரும். விலை பேசுவது மாமனார். அவருக்குக் கண் மங்கிவிட்டது, மூக்குப்பொடி போட்டுப் போட்டு மணமும் தெரியாது. ஆகவே சரக்குப் பார்ப்பது மச்சி. வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது என்பதால் திரைக்குப் பின்னால் ஒரு நீள மர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பாள். திரைக்கடியில் ஒரு பிடி மிளகு நீளும். நசுக்கி, மோந்து, கடித்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வாள். நான் குசினியில் அடுப்புப் புகைக்குள் கிடந்தேன். அங்கேயே செத்துப்போவேன் என்று தோன்றியது.

மிளகு வந்து குவிகிற மாதத்தில் மச்சி பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டி வந்தது. வாங்கில் யார் உட்காருவது? "இவளுக்கு உப்புப் பாக்கவே தெரியாது" என்று என் கணவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். அந்தச் சிரிப்பை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மச்சி பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "இவ உக்காரட்டும், மாமா. மூக்கு இருக்கு. இரக்கந்தான் இல்ல. இந்த வேலைக்கு அதுதான் வேணும்." பிறகு என்னைப் பார்த்து, "கெடுத்தியோ, சாகுற வரைக்கும் குசினிதான் உனக்கு" என்றாள்.

அந்த வாரமே மாமனாருக்கு மிளகு விற்கும் பழைய வாடிக்கைக்காரர் வந்தார். திரைக்கடியில் வந்த மிளகு முதல்தரம். ஆனால் அவர் தன்னோடு வந்தவரிடம் சிங்களத்தில் சொன்னது காதில் விழுந்தது: மேலால் எடுத்துக் கொடு, உள்ளே இருப்பது புதுப் பொம்பிளை. திரைக்குப் பின்னால் இருக்கிறவளுக்குச் சிங்களம் வராது என்று நினைத்துவிட்டார். நான் இரத்தோட்டையில் சிங்களப் பிள்ளைகளோடு சண்டை போட்டு வளர்ந்தவள்.

"மூட்டையக் கவுத்துக் கொட்டச் சொல்லுங்க, மாமா" என்றேன்.

மாமனார் திரையருகே வந்து பல்லைக் கடித்தார். "எங்க வாப்பா காலத்துப் பழக்கம். மானத்த வாங்காத."

"கொட்டாம வாங்க மாட்டேன்."

கொட்டினார்கள். அடியில் தண்ணீர் தெளித்த மிளகு, பூஞ்சண வாடையோடு. வந்தவர் என்னைத் திட்டிக்கொண்டே மூட்டையைத் தூக்கிப் போனார். பொய் பிடிபட்டதைவிட அதைப் பிடித்தவள் மருமகள் என்பதுதான் மாமனாருக்குப் பெரிய குறை. அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிந்து மச்சி குழந்தையோடு வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுமுன்பே மாமனார், "வந்துட்டாளே, இனி நீ குசினிக்குப் போ" என்றார். எழுந்தேன். ஆத்திரத்தில் எனக்குக் கண் எரிந்தது.

மச்சி குழந்தையை மாமனார் மடியில் போட்டாள். நான் வாங்கி அடுக்கியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளி மோந்தாள். எதையும் ஒதுக்கி வைக்காமல் திரும்பக் கட்டினாள். வாங்கின் ஒரு ஓரத்தில் போய் உட்கார்ந்து, என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற? இங்க உக்காரு. என் மேல மூச்சு விடாத."