விருந்தாளிகளுக்கு வைத்த தண்ணீர்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கரடியூரைத் தாண்டி, மூடிப்போன பாக்சைட் சுரங்கத்துக்குக் கீழே எங்கள் இடம். ஒவ்வொரு குடும்பமாகப் போய், கடைசியில் இரண்டே வீடுகள் மிஞ்சின. ஒன்று என்னுடையது. எதிர் வீட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகும் புருஷனும் பெண்சாதியும். என் மனைவி இறந்த பிறகு, தினமும் என்னிடம் இரண்டு வார்த்தை பேசியது அந்த எதிர் வீட்டுத் தங்கச்சி மட்டும்தான்.

மழை பெய்தால் சுரங்கக்காரர்கள் குவித்துவிட்டுப் போன மண் கரைந்து எங்கள் ஊற்றில் இறங்கிவிடும். உலை வைத்தால் சோறு சிவக்கும்.

"இந்த வருசமும் ஊத்து சரியாகலீன்னா டவுனுல ஒண்டிக்கடைப் பக்கம் வாடகைக்குப் போயிருவோமுங்கண்ணா" என்று தங்கச்சி சொல்லியிருந்தாள்.

அந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து அறக்கட்டளைக்காரர்கள் சிலர் வந்தார்கள். தண்ணீரும் மண்ணும் கெட்டுப்போன மலை ஊர்களில் வருடத்துக்கு ஒன்றைச் சரிசெய்யப் பணம் தருவதாகவும், எந்த ஊர் என்பதை அந்த ஊர்க்காரர்களே கூடி முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். ஊருக்கு ஒருவர் கூட்டத்துக்குப் போக வேண்டும். எதிர் வீட்டில் இருவருக்கும் விடிந்தால் வேலை. நான்தான் போனேன்.

விதிகளை நாங்களே வைத்துக்கொண்டோம். எல்லோரும் ஒவ்வொரு ஊருக்கும் போய், அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். பிறகு ஊருக்கு ஒரு டப்பா வைத்து, ஓட்டாக ஆளுக்கு ஒரு காப்பிக்கொட்டை. பணம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று படுகிறதோ அந்த டப்பாவில் போடலாம், சொந்த ஊர் டப்பாவில் போடக்கூடாது.

"போட உட்டா எல்லா டப்பாவுலயும் ஒவ்வொரு கொட்டைதானுங்க கெடக்கும்" என்றார் வெள்ளக்கடையிலிருந்து வந்த அக்கா.

எங்கள் இடத்துக்கு வந்த அன்று பனிமூட்டம். எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. ஊற்றுக்கு இறங்கும் சரிவு வழுக்கியதால் யாரும் இறங்கவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்கு விருந்தாளி வந்து வருடக்கணக்காகிவிட்டது. முதல் நாளே தங்கச்சியிடம் டம்ளர்கள் வாங்கி வைத்திருந்தேன். காலையில் ஊற்றில் மொண்டு பார்த்தேன். குடத்தின் அடி தெரியவில்லை. வீடு தேடி வருகிறவர்களுக்கு இதையா நீட்டுவது? மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு போய், கரடியூர்க் குழாயில் பிடித்து வந்தேன். அந்த நேரத்தில் அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

தண்ணீர் குடித்தார்கள். காப்பியும் குடித்தார்கள். இன்னொரு ஊரிலிருந்து வந்த, சர்ச்சில் மணியடிக்கும் பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஏனுங்க, இத்தன நல்ல தண்ணிய வெச்சுக்கிட்டா எங்கள இந்த மேடு ஏத்துனீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்குள் அத்தனை பேர் சிரித்து நான் கேட்டதே இல்லை. நானும் சிரித்தேன். இது நம் ஊற்றுத் தண்ணீர் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

சர்ச் கூடத்தில் கொட்டை போட்ட அன்று எங்கள் டப்பா காலி. என் கொட்டையை வெள்ளக்கடைக்குப் போட்டேன். பணமும் அவர்களுக்கே போனது. அவர்கள் ஓடையில் காப்பிப் பழக் கழிவு நாறுவதை நானே பார்த்திருக்கிறேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வெள்ளக்கடை அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"அன்னிக்கே வாயத் தொறந்திருக்கலாமுங்களே" என்றார்.

"வந்தவங்களுக்கு அந்தத் தண்ணியக் குடுக்க மனசு வர்லீங்க்கா."

அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"நீங்கெல்லாம் வந்த அன்னிக்கு நானும் ஊட்டச் சுத்தி சாம்பிராணி போடப் போனேனுங்க. எம் மாமியாதான் கைய புடிச்சுக்கிச்சு. நாறட்டும் உடு, அதுக்குத்தானே வர்றாங்கன்னுச்சு."

எனக்குக் கையைப் பிடிக்க ஆள் இல்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் புது விதி ஒன்று கொண்டுவந்தார். இனிமேல் வருகிறவர்களே தங்கள் கையால் ஊற்றில் மொண்டு குடிக்க வேண்டும். ஏன் என்று யாரோ கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

தங்கச்சியிடமும் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"காப்பி நல்லா இருந்துச்சுன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில் எதிர் வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். டம்ளர்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"வெச்சுக்குங்கண்ணா. மறுக்கா வர்றவங்களுக்கு ஆவும்" என்றாள்.

வண்டி வளைவில் திரும்பும் வரை நின்றேன். இப்போது சாயங்காலமானால் எதிர்ப்பக்கம் விளக்கு எரிவதில்லை. ஒண்டிக்கடையில் ஒருமுறை அவளைப் பார்த்தேன். பஸ்ஸில் இருந்தாள், கையாட்டினாள்.

இந்த மழைக்கு ஊர்களைப் பார்க்கும் குழு மறுபடியும் வருகிறது. ஊற்றுக்கு இறங்கும் சரிவில் மண்வெட்டியால் படி வெட்டிவிட்டேன், யாரும் வழுக்க மாட்டார்கள். டம்ளர்களை இந்தத் தடவை ஊற்றுத் தண்ணீரிலேயே கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். உள்ளே லேசாகச் செம்மண் படிந்திருக்கிறது. துடைக்கவில்லை.

ஆவணி இருபத்து மூன்றாம் தேதி.