அந்த வாசலில் மட்டும்

தறிச் சத்தத்துக்கு வாசனை உண்டு என்றால் சிரிப்பீர்கள். செல்லூரில் எங்கள் சந்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். சூடேறிய மோட்டாரும் எண்ணெயும் சாயநூலும் கலந்து மூக்கில் ஏறும்போதே காதும் அடைத்துவிடும். நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம் அதோடு சிவப்புச் சோப்பின் வாசமும் சேர்ந்துகொண்டது.

சோப்பு எங்கள் கையில்தான் இருந்தது. நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே குழாயடியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், வளர்க்கும் நாய்க்கும் தடுப்பூசி போட வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகள் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனோம். எல்லாம் கனகாவால். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவர்கள் வளர்த்த நாய்க்குட்டி அவள் கையைக் கடித்தபோது, ‘வீட்டுக்குட்டிதானே’ என்று சுண்ணாம்பைத் தடவியதோடு விட்டுவிட்டார்கள். குட்டி செத்தபோதும் யாருக்கும் பொறிதட்டவில்லை. சில வாரங்கள் கழித்துத் தண்ணீர் டம்ளரைக் கண்டதும் கனகாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அதன்பின் பள்ளிக்கூடத்துக்கு அவள் வரவேயில்லை.

அந்தக் குட்டியைக் கடித்த நாய் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் சந்தில் சிங்காரி என்றொரு நாய் இருந்தது. எல்லோரும் சோறு வைப்பார்கள், யாரும் தன் நாய் என்று சொல்ல மாட்டார்கள். என் நாலு வயதுத் தம்பி சரவணனின் மத்தியானத் தூக்கமே அதன் வயிற்றில் தலைவைத்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் தடுப்பூசி முகாம். காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினோம். தறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியும் வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. நாய் பிடிக்கிற வண்டி வருகிறது, அதற்கு ஆள்காட்டத்தான் இந்தப் பிள்ளைகள் திரிகிறார்கள் என்று எவரோ கிளப்பிவிட்டார்கள். நாங்கள் கத்தக் கத்த நாய்கள் தெருவிலிருந்து மறைந்தன. பாசத்தால் ஒளித்துவைத்தார்கள், அதுதான் கொடுமை. என் அப்பாவே சிங்காரியை நூல் மூட்டைகளுக்குப் பின்னால் கட்டிவிட்டு, “வாயில்லாச் சீவனக் காட்டிக் குடுக்க வந்தியாக்கும்?” என்று என்னை விரட்டினார். அழுதேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் திரும்பத் தறிக்கே போய்விட்டார். மைதானத்தில் விளாங்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த பொசுபொசு நாய்கள் இரண்டுதான் நின்றன. டாக்டர் மருந்துப் பெட்டியை மூட ஆரம்பித்தார்.

கடைசியாக ஒரு சுற்று ஓடினோம். கனகாவின் வீட்டைத் தாண்டும்போது மட்டும் சத்தம் போடக் கூடாது, அவள் அம்மா மனசு என்ன பாடுபடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அப்போதும் வாயை மூடிக்கொண்டு நடந்தோம். கதவு திறந்தது. பிள்ளை போனதிலிருந்து வெளியே தலைகாட்டாத புஷ்பம் அத்தை வாசலில் நின்றார்.

“ஏன்டி, என் வாசல்ல மட்டும் வாய மூடிட்டுப் போறீங்க?”

அத்தை செருப்புகூடப் போடாமல் நேராக எங்கள் தறிக்கூடத்துக்குள் நுழைந்து மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

“அண்ணே, நானும் வீட்டுக்குட்டிதானேன்னுதேன் இருந்தேன். அந்தக் குட்டிக்கு ஒத்த ஊசி. அதப் போட்டிருந்தா எம்புள்ள இந்நேரம் இதுகளோட சேந்து கத்திக்கிட்டுப் போயிருக்கும். நாய ஒளிச்சு வச்சு, நீங்களும் என்ன மாதிரி நிக்கப் போறீகளா?”

அப்பா தலைநிமிரவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்த்தார். வாசலில் நின்று கேட்டவர்களும் அவரவர் நாயைத் தேடிப் போனார்கள். நாங்கள் மைதானத்துக்கு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த டாக்டரின் வண்டியை மறித்து நின்றோம். சிங்காரிக்கு ஊசி போடும்போது அதன் வாயைப் பிடித்துக்கொண்டவர் அத்தைதான்.

இப்போது அந்தச் சந்தில் தறி இல்லை. எல்லாம் இரும்பு விலைக்குப் போய்விட்டன. அத்தையும் இல்லை. அவர் வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். போன மாதம் பள்ளிப் பிள்ளைகள் சிலர் தடுப்பூசி அட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள்; நானும் கூடவே கத்திக்கொண்டு நடந்தேன். அந்த மாடி வீடு முன்பு யார் வாசல் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த இடம் வந்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அவர்கள் கத்திக்கொண்டே போனார்கள்.