பிளேட் அடிச்சாச்சு

என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எப்ப தருவியள்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "எத்தினை கொப்பி?" அந்தக் கேள்விக்குள் முழுத் தொழிலும் அடங்கிவிடும். ஆயிரம் என்றால் ஓப்செட். நூறு, இருநூறு என்றால் டிஜிட்டல். கலியாண அட்டையில் தங்க எழுத்து மினுங்க வேண்டுமென்றால் ஸ்க்ரீன் பிரிண்ட். அத்தோடு வாயை மூடிக்கொள்கிற ஆள் நானில்லை. வெள்ளவத்தையில் இந்த அச்சுக் கடையைத் திறந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஐம்பது விசிட்டிங் கார்ட் அடிக்க வந்த மனுஷனும் என்னிடம் ஒரு பாடம் கேட்டுவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேண்டியிருக்கும். ஓப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலுமினியத் தகடு. நாங்கள் பிளேட் என்போம். நாலு நிறத்துக்கு நாலு பிளேட். அவற்றை மெசினில் ஏற்றி, நிறம் சரியாக வந்து சேரும்வரை நல்ல தாளையெல்லாம் குப்பையாக அடித்துத் தள்ள வேண்டும். சரியாக வந்துவிட்டாலோ, கடைசிக் கொப்பிவரை ஒரே மாதிரி. மை தாளுக்குள் இறங்கிவிடும், மடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பிளேட் அடித்த பிறகு ஒரு புள்ளியை மாற்றவேண்டி வந்தாலும் அந்தப் பிளேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் அடிக்க வேண்டும். டிஜிட்டலுக்குப் பிளேட்டே கிடையாது. கம்பியூட்டரில் இருப்பது நேரே தாளுக்கு வரும். ஒரேயொரு கொப்பியும் அடிக்கலாம், கடைசி நிமிஷத்திலும் பெயரை மாற்றலாம். அதன் குறை, மை பொடியாகத் தாளின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது. மடித்தால் அந்த மடிப்பில் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். தெரியாமல் சொல்லியிருந்தால் பிழை என்று சொல்லித் தப்பியிருக்கலாம்.

எங்கள் ஆட்களின் வீட்டில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. அட்டையில் செத்தவரின் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, தேவாரங்கள், கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. வெண்பாவையும் தேவாரத்தையும் எத்தனை பேர் வாசிக்கிறார்களோ தெரியாது. வம்சாவளிப் பக்கத்தை வாசிக்காத ஆளே இல்லை. சாப்பாட்டுக்குப் பந்தியில் இருந்தபடியே அந்தப் பக்கத்தைத்தான் விரிப்பார்கள். தன் பெயர் இருக்கிறதா, ஆருடைய மருமகள் ஆருக்கு முன்னால் வந்திருக்கிறாள், ஆரை விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். லண்டனுக்கும் கனடாவுக்கும் கொப்பி போகும். அந்தப் பக்கத்தில் இல்லாதவர் குடும்பத்தில் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

நாலு வருஷத்துக்கு முன், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் ஃபிளாட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமானார். மனைவி முன்பே போய்விட்டார். கல்வெட்டு அடிக்க மூத்த மகன் வந்தார். கோயில் சபை, பழைய மாணவர் சங்கம் என்று எல்லா இடத்திலும் நாற்காலி வைத்திருக்கிற மனுஷன். திருவிழா மலர், சங்க மலர் எல்லாம் அவர் கையால்தான் என் கடைக்கு வரும். இருநூறு கொப்பி, ஓப்செட்டில்தான் வேண்டும் என்று நின்றார். கொட்டாஞ்சேனையில் எனக்கு ஓப்செட் அடித்துத் தருகிற சிங்களவருக்கு அவர் முன்னாலேயே போன் போட்டேன். "தெசீயகட பிளேட் கஹன்ன பிஸ்ஸுத, அக்கே?" என்று அந்தாள் சிரித்தார். இருநூறுக்குப் பிளேட் அடிக்க விசரா, பைத்தியமா என்கிறார். ஆகவே என் கதிரைக்குப் பின்னால் நிற்கிற டிஜிட்டல் மெசினிலேயே அடிப்பதென்று முடிவாயிற்று.

வம்சாவளிப் பக்கத்துக்கு வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளையள் ரெண்டு பேர் எண்டு போடுங்கோ அக்கா. நானும் தம்பியும்."

"மூண்டு பேரெல்லோ?"

"மற்றது எங்களுக்கு இல்லை."

தங்கச்சியைத்தான் மற்றது என்றார். அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு வேதக்காரப் பொடியனை, கிறிஸ்தவனை, கட்டிக்கொண்டு போனவள் என்று வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். ஒரு மனுஷியை மற்றது என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கை வைத்துக்கொண்டு நான் செய்தது ஒன்றுமில்லை. "ஓம்" என்று எழுதிக்கொண்டேன். அவர்கள் வீட்டு விஷயம், எனக்கேன் வம்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அந்த இடத்திலாவது "அப்பா பாவமெல்லோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எடுத்ததற்கெல்லாம் பாடம் நடத்துகிற என் வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ.

முப்பத்தொன்றுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம், அவள் வந்தாள். நான் அதுவரை அவளைக் கண்டதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். அச்சுக் கடைக்குள் ஆர் செருப்பைக் கழற்றுகிறார்கள்? அப்பாவின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகள் என்றாள். கையில் கோடு போட்ட கொப்பித் தாளொன்று. அதில் மூன்று பெயர்: அவளுடையது, புருஷனுடையது, சின்ன மகளுடையது. அழகான கையெழுத்து.

"அக்கா, அப்பாட கல்வெட்டு இஞ்சதான் அடிக்கினமாம். கடைசிப் பக்கத்தில எங்கட பேரையும் போடுவியளோ? புருஷன்ர பேர் வேண்டாமெண்டால் விடுங்கோ. என்ர பேரும் பிள்ளையின்ர பேரும் காணும்."

அவள் அதைச் சொல்லும்போது ஒரு பக்கம்கூட அடித்திருக்கவில்லை. மெசின் என் முதுகுக்குப் பின்னால் சூடேறிக்கொண்டிருந்தது. வம்சாவளிப் பக்கம் கம்பியூட்டரில் திறந்தபடி இருந்தது. மூன்று பெயரையும் போட எனக்கு இரண்டு நிமிஷம் போதும். போட முடியாதென்றால், "அண்ணா வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார் பிள்ளை" என்று முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லவும் முடியும். அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. அவள் அழுதால் என்ன செய்வது, அண்ணனிடம் போய்ச் சண்டை பிடித்தால் என் பெயரும் இழுபடுமே, அடுத்த திருவிழா மலர் வேறு கடைக்குப் போய்விடுமே என்றெல்லாம் ஒரு கணத்தில் ஓடியது. என் வாய் தானாகத் திறந்தது.

"பிளேட் அடிச்சாச்சு, பிள்ளை."

"மாத்த ஏலாதோ?"

"ஏலாதம்மா. நாலு கலருக்கு நாலு பிளேட். ஒரு எழுத்து மாறினாலும் எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டுத் திரும்ப அடிக்க வேணும். ரெண்டு நாளில எங்க நடக்கிறது?"

வாய் கூசாமல் சொன்னேன். அதுவும் எப்படி? கைகளை விரித்து, பிளேட் எவ்வளவு பெரிசு என்று காட்டிக்காட்டி, இரக்கப்படுகிற குரலில். இருபது வருஷமாகச் சேர்த்த தொழில் அறிவு முழுவதும் அந்தப் பொய்க்கு வேலை செய்தது. அவள் என் தோளுக்கு மேலால் மெசினை ஒருதரம் பார்த்தாள். பிறகு அந்தத் தாளை மடித்து, "பரவாயில்லை அக்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

அவள் பஸ் ஏறியிருக்க மாட்டாள், அதற்குள் அண்ணன் போன் போட்டார்.

"அக்கா, அடிக்கத் தொடங்கிட்டியளோ? என்ர பேருக்குப் பின்னால சமாதான நீதவான் எண்டு பட்டம் போட மறந்துபோனன். இனிப் போடலாமோ?"

"அதுக்கென்ன, போட்டால் போச்சு."

போட்டேன். அதே பக்கத்தில், அதே வரியில். இரண்டு நிமிஷம்கூட எடுக்கவில்லை. போட்டுவிட்டுத்தான் திரையைப் பார்த்தேன். சீ! அப்போதும் மற்றப் பெயர்களை நான் போடவில்லை. பிரிண்ட் பட்டனைத்தான் அழுத்தினேன்.

முப்பத்தோராம் நாள் கொப்பிப் பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே மண்டபத்துக்குப் போனேன். வாசலில் நின்றவர் ஒருவர் வருகிறவர்களுக்கெல்லாம் கொப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். அவளும் வந்திருந்தாள், புருஷனோடும் பிள்ளையோடும், கடைசி வரிசையில். ஆரும் அவளோடு கதைக்கவில்லை. அவளுக்கும் ஒரு கொப்பி கிடைத்தது. முதலில் அட்டையில் அப்பாவின் படத்தைத் தடவினாள். பிறகு எல்லோரையும் போலக் கடைசிப் பக்கத்தை விரித்தாள். நான் சொன்ன பிறகும் ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்போல. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிள்ளை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டது. அவள் கொப்பியை நெடுக்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அந்த நேரத்தில் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, மடிக்கிறாளே, மை உதிரப் போகிறதே என்று! அவ்வளவு கேவலம். பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது. சாப்பிடாமல் வந்துவிட்டேன். சாப்பிடாமல் வந்ததையும் அப்போது பெரிய தண்டனைபோல நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆராவது கடையில் "பிளேட்" என்றாலே நான் தாள் எடுக்கிற சாட்டில் உள்ளே போய்விடுவேன். டிஜிட்டலின் நன்மைகளைச் சொல்லிக்கொண்டு வருவேன், "கடைசி நிமிஷத்திலயும் மாத்தலாம்" என்கிற இடம் வந்ததும் நாக்குப் புரளாது. வந்தவர்கள் அக்காவுக்கு என்ன சுகமில்லையோ என்று பார்ப்பார்கள்.

இந்த வருஷம் அவள் திரும்பவும் வந்தாள். படியேறும்போதே கண்டுகொண்டேன். உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாமா என்று உண்மையாகவே யோசித்தேன், அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டாள். மகளுக்கு முதல் நன்மையாம், வேதக்காரப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு. அழைப்பு அட்டை நூறு கொப்பி வேண்டும். கைப்பையிலிருந்து முதலில் எடுத்தது அந்தக் கல்வெட்டை.

"அப்பாட பேரை இதில இருக்கிற மாதிரியே போடுங்கோ அக்கா. எழுத்துப் பிழை வரக்கூடாது."

அட்டையில் நெற்றியிலிருந்து நாடிவரைக்கும் அப்பாவின் முகத்தை வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரித்திருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கம்பியூட்டரைத் தட்டினேன். அவள் கதிரையில் இருந்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இதுக்கும் பிளேட் அடிக்க வேணுமோ, அக்கா?"

நான் கேட்காதவள்போலத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குப் பின்னால நிக்கிற மெசின் எங்கட ஒபிஸிலயும் இருக்கு. ஹாபர் பக்கம் ஷிப்பிங் ஒபிஸொண்டில வேலை செய்யிறன். அண்டைக்கே தெரியும் எனக்கு."

"தெரிஞ்சுகொண்டும் ஏனம்மா ஒண்டும் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? அப்பா செத்து மாசம் முடியேல்லை. நீங்களும் கஷ்டப்பட்டுக் கஷ்டப்பட்டுப் பொய் சொன்னியள். பாக்கப் பாவமா இருந்திச்சு."

அவள் என்னைப் பார்த்து இரங்கியிருக்கிறாள்! அண்ணன் மற்றது என்று சொன்னதைவிட, நான் சொன்ன பொய்யைவிட, அதுதான் என்னைக் குத்தியது. நான் எழும்பி நின்றுவிட்டேன். பழைய ஃபைல் என்னிடம் இருக்கிறது, இப்போதே உன் பெயரும் பிள்ளையின் பெயரும் புருஷனின் பெயரும் போட்டு ஒரு கொப்பி அடித்துத் தருகிறேன், மன்னித்துக்கொள் பிள்ளை என்று ஏதேதோ சொன்னேன். டிஜிட்டலில் ஒரேயொரு கொப்பியும் அடிக்கலாம் என்ற என் பழைய பாடத்தையும் சேர்த்துச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் யோசித்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் அக்கா. மற்ற எல்லாரின்ர வீட்டிலயும் ஒண்டு இருக்கு, என்ர வீட்டில மட்டும் வேற ஒண்டு இருந்தால் அது கல்வெட்டோ? என்ர பிள்ளைக்கு நானே பொய் காட்டின மாதிரி."

நான் திரும்பக் கதிரையில் இருந்தேன். வேறென்ன செய்ய? அவள் அழைப்பு அட்டைக்கு எழுதி வந்த தாளை நீட்டினாள். அதே கோடு போட்ட கொப்பித் தாள், அதே அழகான கையெழுத்து. வேதக்காரர்களின் அட்டையில் இவ்வளவு உறவுமுறை வழமையாக வராது. இவள் எங்கள் ஆட்களின் முறைப்படி எல்லோரையும் எழுதியிருந்தாள். பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானத்தாய், ஞானத்தகப்பன், அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவைப் பெற்ற அமரர்கள் இருவரும், பிறகு மாமாமார். மூத்த மாமாவின் பெயருக்குப் பின்னால் சமாதான நீதவான்.

"அண்ணா வருவாரோ?" என்று கேட்டேன்.

"வரமாட்டார்."

"பிறகும் பேர் போடுறதோ?"

"போடுங்கோ. பிள்ளைக்கு மாமாதானே. கல்வெட்டில எப்பிடி இருக்கோ அப்பிடியே பாத்து எழுதினனான், ஒண்டும் விடேல்லை." பிறகு பழையபடி சிரித்தாள். "பிளேட் அடிக்க முதல் சொல்லிப்போட்டன், என்ன?"

எல்லாப் பெயரையும் தட்டினேன். சமாதான நீதவான் என்பதையும் தட்டினேன். அந்த இரண்டு சொல்லும் கல்வெட்டில் எப்போது ஏறின என்று நான் அவளிடம் சொல்லவில்லை.