வாய் நிறையத் தண்ணீர்

எனக்கு எண்பத்து மூன்று வயது ஆகிறது. பெற்றது நான்கு, செத்துப்போன நாத்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஆறும் அடி வாங்காமல் வளர்ந்தவை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாயைக் கட்ட நான் பழக்கியது அடித்து அல்ல.

ஆடிப் பட்டத்துக்கு விதைக் கடலை உரிப்பது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு உரிப்பேன். பத்துப் பருப்பு உரித்தால் அதில் நான்கு அவர்கள் வயிற்றுக்குள் போய்விடும். ஒரு வருடம் விதை பற்றாமல் எங்கள் கீழ்க்கொல்லை நிலத்தில் பாதி வெறும் மண்ணாகக் கிடந்தது. அந்த வழியாகத் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் போனார்கள்.

மாமியார் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ வெதை கொறஞ்சுது, வெதைச் சாக்க உன் ஓரகத்தி வூட்டுக்கு அனுப்பிடுவேன், பாத்துக்க."

ஓரகத்தி கைக்கு விதை போவதா?

மறு வருடம் சாக்கை அவிழ்த்ததும் சொன்னேன்: "ஆளுக்கு ஒரு மொடக்குத் தண்ணி வாயில வெச்சுக்குங்க. முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. தோத்தவங்க நொண்டி அடிச்சு வூட்டச் சுத்தணும். மொறம் ரொம்புற வரைக்கும் வெச்சிருந்தா, வெதைக்கு ஆகாத சூம்பல வறுத்துத் தருவேன்."

முதல் நாள் கால் முறம்கூட ஆகவில்லை. ஒருவன் கண்ணை உருட்டுவான், இன்னொருத்தி புரையேறிக் கத்துவாள், வீட்டைச் சுற்றி எந்நேரமும் நாலு பேர் நொண்டிக்கொண்டிருப்பார்கள். ஐந்தாம் நாள் அரை முறம் தாண்டியது. பெரியவன் சிரிப்பு வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளப் பழகிவிட்டான். "அம்மா, நீ மட்டும் பேசிக்கிட்டே இருக்கற?" என்று கேட்டார்கள். நியாயம்தானே? நானும் ஒரு வாய் நிரப்பிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மாமியார் வந்தார். ஏழு பேர் கன்னமும் உப்பியிருக்கிறது, நடுவில் விதை.

"அடியாத்தீ! புள்ளைங்கதான் திங்குதுன்னு பாத்தா, தாயும் சேந்து வாயி ரொம்ப அமுக்கிக்கிட்டு இருக்காளே! கொல்லையில என்னத்தடி போடுவ, வெறுந் தோலயா?"

வாயைத் திறந்தால் நான் தோற்றவள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்குக் கோபம் ஏறி, நடுப்பையன் கன்னத்தை இரண்டு பக்கமும் அமுக்கி, "துப்புடா!" என்றார்.

துப்பினான். அவர் முகத்திலேயே.

அவ்வளவுதான், ஒருவர் பின் ஒருவராகப் பீய்ச்சி அடித்தோம். எனக்கு மூக்கு வழியாக வந்தது. நாத்தனாரின் சின்னது மட்டும், ஐந்து வயது, கண்ணில் நீர் வழிய, கன்னம் குறையாமல் உரித்துக்கொண்டே இருந்தது.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அந்தக் குழந்தையையே பார்த்தார். பிறகு சப்பணம் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் ஒரு மொடக்கு ஊத்து" என்றார். முன்பல் போன இடத்தில் தண்ணீர் ஒழுகிற்று.

"ஆயா தோத்துச்சு! ஆயா நொண்டி!"

"போங்கடா, பல்லு இல்லாதவளுக்கு ஆட்டமே வேற!"

நனைந்த விதையை நிழலில் காயவைத்தேன். மழை விழுந்து ஏர் பூட்டியபோது, கீழ்க்கொல்லை கடைசி வரப்பு வரை விதை போய்ச் சேர்ந்து, அரைக்கூடை மிஞ்சியது. மாமியார் அந்தக் கூடையை ஓரகத்தி வாசல் வழியாகத் தூக்கி வந்து, "வர்ற வருசமும் நீயே உரி" என்று என் கையில் கொடுத்தார்.

இவ்வளவு நேரம் நான் சொல்ல எழுதிய பேத்தியே, அரைக்கூடை மிஞ்சியதை விடாமல் எழுதினாயா? எங்கே, முதலிலிருந்து வாசித்துக் காட்டு கண்ணு.