பொட்டு வைத்த யுஎஸ்பி துளை

ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் தென்காசி வீட்டில் போனுக்குச் சார்ஜ் போட இடம் கிடைக்காது. குற்றாலத்தில் குளிக்க வருகிற சொந்தங்கள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். கொடி முழுக்க ஈரத்துண்டுகள், பிளக் முழுக்க போன்கள். அந்த முறை வாசுதேவநல்லூரிலிருந்து என் கணவரின் அக்கா, எனக்கு மதினி, குடும்பத்தோடு வந்திருந்தார்.

அதே வாரத்தில்தான் எனக்கு ஒரு வாய்ப்பும் வந்தது. சிறுவர் கதைகளை ஒலிவடிவில் வெளியிடுகிற ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே வாசித்து அனுப்ப ஆள் தேடியது. மாதிரிக்கு ஒரு கதையை வாசித்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். பாப்பா பிறந்ததும் ஆசிரியை வேலையை விட்டவள் நான். வீட்டில் விருந்தாளிகளை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக் கதை வாசிப்பது சரியா என்று ஒருபக்கம் உறுத்தல். இதை விட்டால் இனி எதுவுமே அமையாதோ என்று இன்னொரு பக்கம் பயம்.

லேப்டாப்பில் மைக் சொருகும் இடத்தைப் பாப்பா ஏற்கெனவே ஒருவழி பண்ணியிருந்தாள். அதனால் கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கியிருந்தேன். அதை யுஎஸ்பி துளையில் சொருகி, மைக்கை அதில் மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை சோதித்தபோது என் குரல் தெளிவாகப் பதிந்தது. சனிக்கிழமை ஒரு சத்தமும் இல்லை. கார்டு சொருகியபடியேதான் இருந்தது. அதன் குட்டி விளக்கும் எரிந்தது.

இணையத்தில் தேடினால் எல்லோரும் டிரைவரைத்தான் குறை சொன்னார்கள். கார்டோடு எப்படிப் பேசுவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற மென்பொருள் அது. அதை நீக்கினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டதும் விண்டோஸ் தானே புதிதாகப் போட்டுக்கொண்டது. பலனில்லை. பெயர் தெரியாத ஒரு தளத்திலிருந்து வேறு டிரைவரை இறக்கிப் போட்டேன். மஞ்சள் ஆச்சரியக்குறி ஒன்று வந்து உட்கார்ந்தது. பதறிப்போய் அதையும் நீக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைக்குகளின் பட்டியலைத் திறந்தேன். என் கார்டின் பெயர் இருந்தது. கீழே அதே பெயர், முன்னால் '2' என்று போட்டு. அதற்கும் கீழே '3' என்று போட்டு. கண்டதையும் இறக்கியதில் வைரஸ் வந்துவிட்டது, அது குட்டி போடுகிறது என்றே முடிவு செய்தேன். கணவரிடம் சொன்னேன்.

"என் ஆபீஸ் ஃபைல்லாம் அதுலதான கிடக்கு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போனாப் போகுது. நீ அழாத," என்றார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மதியம் ஐந்தருவியிலிருந்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். தலையில் ஈரத்துண்டோடு மதினி நேராக மேசைக்கு வந்தார். என் கண்ணெதிரேயே கார்டைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் துளையில் தன் போன் வயரைச் சொருகினார்.

"மதினி, அத ஏன் எடுக்கீங்க?"

"சார்ஜ் போட வேற எங்கன இடம் இருக்கு? லைட்டு எரியுத ஓட்டையிலதான கரண்டு வரும்? வந்த நாள்லேருந்து இங்கனதான போடுதேன். முடிஞ்சதும் உன் சாமான ஒழுங்கா மாட்டி வச்சிருதம்லா."

"எதுல மாட்டுனீங்க?"

"ஏதோ ஒண்ணுல. மூணு ஓட்டை சும்மாதான கிடக்கு? ஏட்டி, ஏன் இப்படி முழிக்க?"

மூன்று துளைகள், மூன்று பெயர்கள். ஒவ்வொரு துளையிலும் என் கார்டைப் புதிய ஆளாக நினைத்து, கம்ப்யூட்டர் ஒவ்வொரு எண் கொடுத்திருந்தது. ஒலிப்பதிவு மென்பொருளோ வெள்ளிக்கிழமை பார்த்த முதல் பெயருக்காகவே காத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சொருகிய இடது பக்கத் துளையில் கார்டை மாட்டி, "பாப்பா, பாப்பா" என்றேன். திரையில் பச்சைக்கோடு துள்ளியது. நானும் துள்ளிவிட்டேன். மதினி பயந்து துண்டைக் கீழே போட்டார்.

சாயங்காலத்துக்குள் கதையை அனுப்ப வேண்டியதையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னதும், "இதச் சொல்ல ரெண்டு நாளா? வாயத் திறந்து கேட்டா என்ன, கடிச்சா திங்கப்போறேன்?" என்றார். கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த தன் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வந்து, அந்தத் துளைக்குப் பக்கத்தில் அழுத்தி ஒட்டினார். "இனி இது உன் ஓட்டை. எவனும் தொட மாட்டான்."

பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கிளம்புங்க எல்லாரும். பழைய குற்றாலம் போவம்."

"இப்பதானக்கா குளிச்சிட்டு வந்தோம்?" என்றார் என் கணவர்.

"வந்ததே குளிக்கத்தானலே. வண்டிய எடு."

பாப்பாவையும் இடுப்பில் தூக்கிக்கொண்டார். அவளுக்குத் தொப்பி போட்டார்களா, மாற்றுத்துணி எடுத்தார்களா என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போனேன். வண்டி திரும்பியதும் வீடு அமைதியானது. நரி வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, முயல் பேசும் இடத்தில் மூக்கால் பேசி, கதையை ஒரே மூச்சில் வாசித்தேன். அனுப்பிய பிறகும் திரும்பத் திரும்பக் கேட்டேன். முயல் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. ஆனால் சிரிப்பாகவும் இருந்தது.

முயலுக்காகவே என்னைத் தேர்ந்தெடுத்ததாகப் பதில் வந்தபோது, முதலில் மதினிக்குத்தான் போன் செய்தேன்.

"என் பொட்டு வேலை செஞ்சிருச்சு பாத்தியா!" என்றார். "அடுத்த சாரலுக்கு வருவேன். எனக்கும் ஒரு ஓட்டை ஒதுக்கி வையி."

ஒதுக்கி வைத்திருக்கிறேன். வலது பக்கம், பச்சைப் பொட்டு.