ஆடியில் திறந்த வீடு

1979-ஆம் வருஷம் பங்குனியில் என் அக்கா தனத்துக்குத் தொண்டை கம்மியது. சளி என்று நினைத்து மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். சித்திரை முடிந்தும் குரல் திரும்பவில்லை. காஞ்சிபுரத்தில் டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவள் புருஷன் ஏகாம்பரம் மாமாவையும் என்னையும் மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார். குரல்வளையில் புற்று. சீக்கிரமாக மெட்ராஸ் போனால் கதிர் பாய்ச்சுகிற கரண்ட் வைத்தியத்திலேயே கரைத்துவிடலாம், குரலும் தங்கும் என்றார். தள்ளிப்போட்டால் கத்திதான் வைக்க வேண்டி வரும் என்பதையும் சொன்னார்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கக் காசு கேட்கவில்லை. ஆனால் படுக்கை இல்லை. பக்கத்தில் எங்காவது தங்கிக்கொண்டு தினமும் வந்து போக வேண்டும், வாரக்கணக்கில், ஒரு நாளும் விடாமல். இடம் பார்த்துக்கொண்டு வாருங்கள், அன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்றார்கள். எங்கள் ஊரான உத்திரமேரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போய் வர அவள் உடம்பு தாங்காது. ஆக, அக்காவின் குரல் ஒரு வாடகை அறையில் வந்து நின்றது.

அறை பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பி.யூ.சி. படித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, பாரிமுனையில் ஒரு கம்பெனியில் வேலை. தங்கியிருந்தது திருவல்லிக்கேணி மேன்ஷனில். அங்கே பெண்களை மாடிப்படி ஏற விட மாட்டார்கள். அதனாலென்ன, இவ்வளவு பெரிய ஊரில் ஒரு அறை கிடைக்காதா, ஒரே வாரத்தில் பிடித்துவிடுகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். எதையும் ஓடியே முடித்துவிடலாம் என்று நினைக்கிறவன் நான்.

ஆபீஸ் விட்டதும் புரசைவாக்கம், பெரியமேடு, சூளை என்று தெருத்தெருவாக நடந்தேன். டு-லெட் போர்டு தொங்கும் இடமெல்லாம் ஏறி இறங்கினேன். எங்கள் ஊரில் ஒரு காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிற பணத்தை இங்கே ஒரு அறைக்கு அட்வான்சாகக் கேட்டார்கள். அதைக்கூடப் புரட்டிவிடலாம். யாருக்கு வீடு என்று கேட்பார்கள். அக்காவுக்கு, உடம்பு சரியில்லை என்பேன். என்ன உடம்பு என்பார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னதும் முகம் மாறிவிடும். ஒருவர் தண்ணீர் பற்றாது என்றார். ஒரு அம்மா, அது ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டார். வைகாசி போயிற்று. ஆனியும் தேய்ந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் செல்லியம்மன் முன்னால் விழுந்து, தாயே, ஒரு அறை, ஒரே ஒரு அறை என்று அழுதேன்.

அவள் கொடுத்தாள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அவள் அப்போதே கொடுத்தாள்.

ஆனி மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது சூளையில் ராஜம்மா என்பவரின் வீட்டில் பின்பக்கத்து அறை காலியானது. கட்டில், சின்ன அடுப்படி, வாசலிலேயே குழாய். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். நான் நோயைச் சொன்னேன். அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை.

"நோவுன்னா வூட்ல கெடக்காம ரோட்லயா கெடக்கும்? ஆடி பொறக்கப் போவுது நைனா, ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். சும்மா பூட்டிக் கெடக்கறதுக்கு நீ வந்து வெளக்கு ஏத்து. அட்வான்ஸு உன்னால முடிஞ்சத குடு."

அன்று சாயங்கால பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை. சீட் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே கத்திச் சொன்னேன். மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எப்போது குடி போக வேண்டும் என்று கேட்டார். நாளை மறுநாளே என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா மச்சான், படிச்சவன் பேசற பேச்சா இது? ஆடில யாரு வூடு மாறுவாங்க? அதுவும் நோவாளிய இட்டுக்கினு போயி, ஆடில பால் காச்சறதா?"

நான் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆடி ஆவணி தெரியாது, டாக்டர் சீக்கிரம் என்றார் என்று வாதாடினேன். அவரும் கோபத்தில் பேசவில்லை, பயத்தில்தான் பேசினார். நல்ல காரியத்துக்கே ஆகாத மாதம், உயிர்க் காரியத்துக்கு ஆகுமா என்ற பயம். கடைசியில் ஒன்று கேட்டார்.

"அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

மகளை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்த அக்காதான் அந்த உடைந்த குரலில் முடித்து வைத்தாள். "வுடுடா. ஆவணி பொறந்ததும் போலாம்."

ஆடியில் ஒருவரும் வர மாட்டார்கள் என்று ராஜம்மாவே சொன்னாரே, அதுவரை அறை எங்கே போய்விடும் என்று, அட்வான்ஸ்கூடக் கொடுத்து வைக்காமல், என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். முதல் ஆடி வெள்ளிக்கு அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். ஊர் முழுக்க வேப்பிலையும் பம்பைச் சத்தமுமாக இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? தாயே, அந்த அறையை ஆவணி ஒன்றாம் தேதி வரைக்கும் காலியாகவே வைத்திரு. அவளுடைய மாதத்துக்கென்று அவள் திறந்து வைத்த கதவை, அந்த மாதம் முடிகிறவரை பூட்டி வை என்று அவளிடமே கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

ஆடி பாதியில் சூளைக்குப் போனேன். அறையில் விளக்கு எரிந்தது. கேரளத்திலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி குடி வந்திருந்தாள். ஏலியாம்மா என்று பெயர், கிறிஸ்தவப் பெண், அவளுக்கு ஆடி ஒரு கணக்கே இல்லை. நான் நின்ற நிலையைப் பார்த்தும் ராஜம்மா இரக்கப்படவில்லை.

"நீ வருவ வருவன்னு பூட்டு மேல குந்திக்கினு இருப்பனா? நோவு இன்னா பஞ்சாங்கம் பாத்துக்கினா வளருது?"

ஆவணி பிறந்தது. ஆடி முழுக்கப் பொறுத்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக வீடு தேடக் கிளம்பினார்கள். ஒவ்வொரு போர்டுக்குக் கீழேயும் நாலு பேர் நின்றார்கள். வாடகை ஏறியது. என் கால்கள்தான் தேய்ந்தன. ஆவணி கடைசியில் அக்காவுக்கு மூச்சு இழுத்தது. வேன் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்போது படுக்கை கொடுத்தார்கள். பெரிய டாக்டர் பார்த்தார். கட்டி பரவிவிட்டது, இனிக் கரண்ட் மட்டும் போதாது, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். ஆடியிலேயே ஏன் வரவில்லை என்று கேட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் அக்காவிடம், பேச வேண்டியதைப் பேசிவிடச் சொன்னார்கள். அவள் மாமாவைப் பார்த்துக் கேட்டது இதுதான்: "அந்தச் செவலக் கன்னுக்குட்டிக்குப் புல்லு போடச் சொல்லிட்டு வந்தியா?" அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்கப்புறம் அவள் குரலை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

உயிர் பிழைத்தாள். கழுத்தில் துளை, அதில் ஒரு குழாய். புண் ஆறியதும் வார்டிலிருந்து அனுப்பிவிடுவார்கள், வெளியில் தங்கிக்கொண்டு கரண்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் அதே அறை, அதே தேடல். முன்னே நோயின் பேரைக் கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். இப்போது கழுத்தில் துளையோடு இருக்கிறவளை யார் சேர்ப்பார்கள்?

சூளைத் தெருமுனையில் சின்னதாக ஒரு அம்மன் மேடை உண்டு. ஒரு சாயங்காலம் அதன் முன்னால் நின்றேன். இந்தத் தடவை தேதி சொல்லவில்லை. தெரு சொல்லவில்லை, வாடகை சொல்லவில்லை. நீ எதைக் காட்டுகிறாயோ அது போதும் என்று மட்டும் சொன்னேன்.

கும்பிட்டுவிட்டு ராஜம்மா வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தெரிந்த இடம் ஏதாவது இருந்தால் கேட்கலாம் என்றுதான். வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடியில் குடத்தோடு இருந்த ஏலியாம்மா குடம் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என் அக்காவை ஆபரேஷன் செய்த அதே ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு வேலை. அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ராத்திரி எனக்கு டூட்டி அல்லே? கட்டில் சும்மா கிடக்குது. சேச்சி வந்து படுக்கட்டும்" என்றாள்.

கழுத்துக் குழாயை யார் பார்ப்பது என்று ராஜம்மா இழுத்தார். "அது ஞான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாடகையில் பாதி எங்களுடையது, அவ்வளவுதான் ஏற்பாடு.

நான் அறைதான் கேட்டேன். அறையோடு, அந்தக் குழாயைக் கழற்றிக் கழுவி மாட்டத் தெரிந்த கைகளையும் அம்மன் சேர்த்துக் கொடுத்தாள். தினமும் காலையில் டூட்டி முடிந்து வந்து, தூங்குவதற்கு முன்னால் ஏலியாம்மா அக்காவின் கழுத்தைச் சுத்தம் செய்வாள். அப்புறம் நான் அக்காவைக் கரண்டுக்கு அழைத்துப் போவேன். பகலில் ராஜம்மா கஞ்சி வைத்துக் கொடுப்பார், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே. பொங்கலுக்கு அக்கா ஊர் திரும்பினாள். வருஷா வருஷம் டாக்டர் பார்க்கிறார். நோய் திரும்பவில்லை.

ஆடியிலேயே போயிருந்தால் அந்த நர்ஸ் கிடைத்திருப்பாளா, எல்லாம் அம்மன் போட்ட கணக்கு என்று எனக்கு ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆடியிலேயே போயிருந்தால் நர்ஸ் தேவைப்பட்டிருக்காது. என் அக்கா இன்று தன் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். நாங்கள் தவறவிட்டதை அம்மன் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. தவறவிட்ட பிறகும் அவள் எங்களை விடவில்லை. என் சாட்சி அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை கிடையாது. நம் பக்கத்து ஊர்களிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக டு-லெட் போர்டு பார்த்துக்கொண்டு நடக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு தேவை வந்தால் சொல்லி அனுப்புங்கள். அம்மனிடம் கேளுங்கள், அவள் கொடுப்பாள். கொடுக்கும்போது மாதம் பார்க்காமல் கை நீட்டுங்கள்.

போன ஆடியில் புள்ளலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கிழவருக்கு வயிற்றில் கட்டி. பெரம்பூரில் ஒரு அறை பிடித்துக் கொடுத்தேன். சாவி வாங்கிய பிறகும் அவர்கள் வாசலிலேயே மூட்டையோடு நின்றார்கள். ஆடியாயிற்றே. ஊரிலிருந்து அக்காவை அழைத்துக்கொண்டு பால் செம்போடு வந்திருந்த ஏகாம்பரம் மாமா, யாரையும் கேட்காமல் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். அக்கா பாலைக் காய்ச்சினாள். பொங்கியதும் வாசலுக்கு வந்து, அவர்களைப் பார்த்து, உள்ளே வாங்க என்று உதட்டை அசைத்தாள்.

சத்தம் வரவில்லை. கிழவர்தான் முதலில் காலை எடுத்து உள்ளே வைத்தார்.