விமானம் விழவில்லையாம்

மலேசியாவில் லுக்குட் பக்கத்தில் எங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் பயிற்சி விமானம் ஒன்று நாலைந்து செம்பனைகளை முறித்துக்கொண்டு மூக்குக் குப்புற விழுந்தது. விமானிக்குக் கீறல்கூட இல்லை. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எங்களை வரிசையாக நிற்கவைத்து மானேஜர் தமிழ்ப் பாடம் நடத்தினார்.

"விழுந்துச்சுன்னு யாரும் வெளிய பேசக்கூடாது. அவசரமாத் தரையிறங்குச்சுன்னுதான் சொல்லணும்."

மண்ணுக்குள் மூக்கை நுழைத்துக் கிடந்த அந்த இரும்பை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பிறகு தலையாட்டினோம். சம்பளம் வாங்குகிற தலை ஆடத்தானே வேண்டும்!

விமானம் தலைக்கு மேல் வருவதைப் பார்த்துப் பயந்து ஓடிய என் பக்கத்து வீட்டுக்காரர், வாய்க்காலில் விழுந்து கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர்.

"அப்ப அவரு கதைய எப்படி ஐயா சொல்றது?" என்று எங்களை மேய்க்கும் கங்காணியான மண்டோர் கேட்டார்.

"அவனா? கண்ணு தெரியாம விழுந்தான்லா. அதை விழுந்தான்னே சொல்லலாம்."